மேற்குக் கதவு

“வியாழன். மாலை 4.10: மேற்கே செம்மண் சுவர்போல் எழும்பியது. 4.15: ஆலங்கட்டி. 4.20: மேற்குக் கதவு சாத்தியாயிற்று. 4.35: கூரை போயிற்று.”

1996 சித்திரையில் என் நாட்குறிப்பில் எழுதியது இது. காங்கேயத்தில் ஆசிரியராக இருந்த நான், கோடை விடுமுறைக்குப் பல்லடத்துக்கு அருகே அக்கா வீட்டில் தங்கியிருந்தேன். அக்காவும் மச்சானும் கறிக்கோழி வளர்த்தார்கள். கிழமேலாக நீண்ட தகரக் கொட்டகை. வடக்கிலும் தெற்கிலும் இடுப்பளவு சுவர், அதன்மேல் கம்பிவலை; மேற்குக் கோடியில் ஒரு கதவு. மழை வந்தால் வலையை மூட, சாக்குப் படுதாக்கள் சுருட்டித் தொங்கும். உள்ளே, சூட்டுக்காகத் தொங்கவிட்ட பல்புகளின் கீழ், நான்கு நாள் குஞ்சுகள்.

குஞ்சு நனைந்தால் சாகும் என்பது கோழி வளர்ப்பவர்கள் எல்லோருக்கும் தெரியும். அதனால் காற்று எழுந்ததும் மச்சான் யோசிக்கவே இல்லை. படுதாக்களை இறக்கிக் கட்டச் சொன்னார். வடபுறம் அவர், தென்புறம் நான். முடிச்சுக்கு மேல் முடிச்சாகப் போட்டேன். முடித்ததும் மேற்குக் கதவைச் சாத்திவிட்டு வரும்படி சொன்னார்.

முதலில் பாக்கு அளவில் விழுந்த ஆலங்கட்டி, பிறகு முட்டை அளவாயிற்று. தகரத்தில் அது விழுந்த சத்தத்தில் பக்கத்தில் கத்தினாலும் கேட்கவில்லை. கரண்ட் போனது. பல்பின் சூடு நின்றதும் குஞ்சுகள் ஒரு மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நசுங்கின. மச்சான் மண்டியிட்டுக் கைகளால் அள்ளி அள்ளிப் பிரித்துப் போட்டார். மேற்கிலிருந்து உள்ளே புகுந்த காற்று வெளியேற வழியில்லாமல் படுதாக்களைப் பானை வயிறாக உப்ப வைத்தது. கூரை ஒருமுறை எழும்பி மீண்டும் அமர்ந்தது. ஆணிகள் பிடுங்கிக்கொண்டு தெறித்தன. ஒரு தகடு சுழன்று போய் வேலிக்கருகே நின்ற வேம்பின் கிளையை வெட்டி வீழ்த்தியது.

கான்கிரீட் கூரை போட்ட தீவன அறை பத்தடி தள்ளி இருந்தது. அக்கா அங்கே பத்திரமாகத்தான் நின்றிருந்தாள். கூரை இரண்டாம் முறை எழும்பியபோது, தலையில் அலுமினிய அன்னக்கூடையைக் கவிழ்த்துக்கொண்டு, கையில் அரிவாளோடு ஓடிவந்தாள். மச்சான் அதற்குள் எழுந்து, தளர்ந்த தகடு ஒன்றின் விளிம்பைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தார். தன் எடையால் கூரையை நிறுத்திவிடலாம் என்று நினைத்தார் போலும்.

“ஏனுங்க, உட்டுப்போட்டு வெளிய வாங்க. படுதாவ அறுத்துடறேன்.”

“அறுக்காத அம்மணி, குஞ்செல்லாம் செத்துப்போகும்.”

“குஞ்சு போனா வேற வாங்கிக்கலாங்க. நீங்க போனா எந்தச் சந்தையில போய் வாங்கறது?”

பதிலுக்குக் காத்திராமல் என் முடிச்சுகளை ஒவ்வொன்றாக வெட்டினாள். நெற்றியில் ஆலங்கட்டி பட்டு ரத்தம் கண்ணுக்குள் வழிந்தது, துடைக்கவில்லை. நான் வடபுறம் ஓடி மச்சான் கட்டியதைப் பல்லாலும் நகத்தாலும் அவிழ்த்தேன். இருபுறமும் திறந்துகொள்ள, காற்று உள்ளே புகுந்த வேகத்திலேயே வெளியேறியது. கிழக்குப் பாதிக் கூரை அமர்ந்தது. மேற்குப் பாதி பிய்த்துக்கொண்டு போனது. மச்சான் பிடித்திருந்த தகடும் போனது, அவருடைய இரண்டு விரல்களோடு.

அவரைத் தீவன அறைக்குள் இழுத்துப் போட்டு, அக்கா தன் முந்தானையால் கையை இறுக்கிக் கட்டினாள். கதவருகே மூட்டைகளை அடுக்கி, புயல் ஓயும்வரை மூவரும் சுவரோடு ஒண்டிக் கிடந்தோம். வெளியே வந்தபோது ஆலங்கட்டிக் குவியல் கணுக்கால் வரை இருந்தது. அதற்குள் மஞ்சள் மஞ்சளாகக் குஞ்சுகள்.

மருத்துவமனையில் மூன்றாம் நாள் காலை மச்சான் கண் விழித்ததும் என் நோட்டைப் பார்த்தார். “எழுதிப்போட்டியா மாப்ள? ரெண்டு வெரல்னே எழுது. மூணாக்கிப் போடாத” என்றார்.

மேலே உள்ள குறிப்பை அந்த மருத்துவமனை வராந்தாவில்தான், அதற்கு முந்தைய நாள் எழுதினேன். மற்ற நேரங்களைத் தீவன அறைக் கடிகாரத்தில் பார்த்தேன். 4.20 மட்டும் நானாக இட்டது. கொட்டகையின் கடைசிவரை போனது நினைவிருக்கிறது. தாழ்ப்பாளின் குளிர்ச்சி கையில் பட்டது நினைவில்லை. கதவு பக்கத்துச் சோளக்காட்டில் பிளந்து கிடந்தது, தாழ்ப்பாள் கிடைக்கவில்லை. எனக்குப் பிறகு தானும் அந்தக் கதவு வழியாக ஒருமுறை வந்ததாக மச்சான் சொல்கிறார். அக்கா அப்படி நினைவில்லை என்கிறாள். கதவை நான் சாத்தினேனா என்பது இதுவரை உறுதிப்படவில்லை.