ஹாரன் மாமாவும் பிரிக்காத கவரும்

எங்க வீட்டுக்காரருக்கு உட்காரத் தெரியாது. சாப்பாடே நின்னுக்கிட்டுதான். ஒரு கையில தட்டு, இன்னொரு கையில வேன் சாவி. பதினாறு வருஷமா ஸ்கூல் வேன் ஓட்டுறார். தெருமுனை திரும்பும்போதே ஹாரனை அழுத்த ஆரம்பிச்சிடுவார், பிள்ளைங்க ஷூவைக் கையில பிடிச்சுக்கிட்டு ஓடி வருங்க. ஹாரன் மாமான்னே பேர் நிலைச்சுப் போச்சு. கல்யாணமான முதல் வாரமே எனக்குத் தெரிஞ்சிடுச்சு, இந்த மனுஷனுக்குக் கால்ல சக்கரம்னு.

அந்த வேனுக்குத்தான் வந்தது வினை. பதினஞ்சு வருஷம் தாண்டின வண்டி எதையும் லீவு முடிஞ்ச பிறகு உள்ள விடமாட்டோம்னு ஸ்கூல்ல நோட்டீஸ் குடுத்துட்டாங்க. மூணு மாசம் டைம். அதுக்குள்ள வேற வண்டி வரலைன்னா இருபத்திரண்டு பிள்ளைங்களும் வேற வேனுக்குப் போயிடும். எங்களுக்கு வேற பிழைப்பு கிடையாது. நான் வீட்டுல துணி தைக்கிற காசு கரண்ட் பில்லுக்குத்தான் காணும்.

அவர் ஓடி ஓடிப் போய் நல்ல கண்டிஷன்ல ஒரு பழைய வேனைப் பார்த்து வச்சார். பேங்க்ல லோனுக்கு எழுதிக் குடுத்தார். மூணாம் நாளே முடியாதுன்னுட்டாங்க. கிரெடிட் ஸ்கோர் மோசமா இருக்காம்.

"ஏங்க, ஏன் மோசம்னு கேட்டீங்களா?"

"கேட்டுட்டு நின்னா அடுத்த பேங்க்கை மூடிடுவான். அதான் கிளம்பிட்டேன்."

இந்த மனுஷனை வச்சுக்கிட்டு நான் எங்க போய் முட்டிக்கிறது? பதினோரு நாள்ல ஒன்பது இடம் ஏறி இறங்கினார். ஒன்பது இடத்துலயும் இல்லை. வீடு முழுக்கக் காகிதம். எந்தக் காகிதத்தையும் வீணாக்குற ஆள் இல்லை நான், ஒவ்வொண்ணு பின்னாடியும் சாமான் லிஸ்ட் எழுதித் தீர்த்தேன்.

அப்புறம் ஒருநாள் சிரிச்ச முகமா வந்தார். மோசமான ஸ்கோரைச் சரி பண்ற ஆள் கிடைச்சிட்டாராம். நானும் கூடப் போனேன். மாடியில ஒரு ரூம், கண்ணாடி மேஜை, மேஜை மேல மூணு போன். சட்டையில மடிப்பு கலையாத ஒரு தம்பி. "உங்க பழைய ரெக்கார்டையே அழிச்சிடலாம் சார். பன்னெண்டாயிரம். இப்ப மூவாயிரம் குடுங்க. போனுக்கு வர்ற நம்பரை மட்டும் சொல்லுங்க, மீதியை நான் பார்த்துக்கறேன்."

"ரசீது குடுப்பீங்களா தம்பி?"ன்னேன்.

"இந்த மாதிரி வேலைக்கு ரசீது கிடையாதுக்கா."

நான் எந்திரிச்சுட்டேன். ஆனா அதுக்குள்ள நம்ம ஆள் மூவாயிரத்தை எண்ணி மேஜை மேல வச்சாச்சு. போனுக்கு வந்த நம்பரைச் சொல்ல வாயைத் திறந்தார், நான் போனைப் பிடுங்கிக்கிட்டுப் படி இறங்கினேன். மூவாயிரம் போனது போனதுதான். வீடு வர்ற வரைக்கும் நான் அவர்கூடப் பேசலை. பேசியிருந்தா நல்லதா ஒண்ணும் வந்திருக்காது.

எங்க வேன்ல வர்ற இரட்டைப் பிள்ளைங்களோட அம்மா ஒரு பேங்க்ல லோன் பிரிவுல இருக்காங்க. அவங்களைக் கேக்கலாமேன்னா இவர் தலையை ஆட்ட மாட்டேங்கிறார். நம்ம கஷ்டத்தைச் சொன்னா நாளைக்கே பிள்ளைங்களை வேற வேன்ல ஏத்திடுவாங்கன்னு பயம். எனக்கும் பயம்தான். ஆனாலும் அவரையும் இழுத்துக்கிட்டு நானே போய்க் கதவைத் தட்டினேன். அவங்க எங்க ரெண்டு பேரையும் உட்கார வச்சு, அவரோட போன்லயே அவரோட ரிப்போர்ட்டை எடுத்துக் காட்டினாங்க. அதுக்குக் காசே கிடையாதாம். யாருக்கும் எதுவும் குடுக்காம நாமளே பார்க்கலாமாம்.

"அண்ணா, இப்ப ஓட்டுற வேனுக்கு வாங்கின லோன் இன்னும் முடியலைன்னு காட்டுது. நாலு வருஷமா பாக்கின்னு இருக்கு."

"நாலு வருஷம் முன்னாடியே கடைசித் தவணையைக் கட்டி முடிச்சுட்டேன் மேடம், கெடுவுக்குப் பத்து நாள் இருக்கும்போதே."

"அப்போ இது தப்பான பதிவு. தப்பா இருந்தா எழுதிக் குடுத்துத் திருத்தலாம், செலவே இல்லை. உண்மையான பாக்கின்னா எவனாலயும் அழிக்க முடியாது. அழிக்கறேன்னு எவன் காசு கேட்டாலும் அவன் திருடன். லோன் முடிஞ்சதும் ஒரு கடிதம் அனுப்பியிருப்பாங்களே, அது இருக்கா?"

"அப்படி எதுவும் வரலையே."

"தேடுங்க. அது கிடைச்சா ஒரு மாசத்துல திருத்திடலாம். ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. அதுவரைக்கும் எங்கயும் லோன் கேட்டுப் போகாதீங்க. நீங்க ஏறி இறங்கின ஒன்பது இடமும் இதுல ஏறியிருக்கு. ஒவ்வொண்ணும் ஸ்கோரைக் குறைச்சிருக்கு."

அவர் கையில இருந்த வேன் சாவியைச் சட்டைப் பையில போட்டுக்கிட்டார். மறுநாள் அந்தப் பழைய கடன் குடுத்த பேங்க் ஆபீசுக்குப் போனார். கடிதம் எப்பவோ அனுப்பியாச்சு, இன்னொரு காப்பி வேணும்னா தலைமை ஆபீஸ்லேருந்து வரணும், மூணு மாசம் ஆகும்னு சொல்லிட்டாங்க. அவர் வந்து இதைச் சொன்னப்ப நான் சமையல் அலமாரிப் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

ஏன்னா எனக்கு ஞாபகம் வந்துடுச்சு. லோன் ஓடின நாலு வருஷமும் பேங்க் கவரைப் பார்த்தாலே எனக்கு நெஞ்சு அடிச்சுக்கும். தவணை முடிஞ்ச மாசம் ஒரு பழுப்புக் கவர் வந்துச்சு. காசெல்லாம் கட்டியாச்சு, இனி இவங்களுக்கு என்ன வேணுமாம்னு எரிச்சல்ல பிரிக்காமலே சமையல் அலமாரியில போட்டேன். அவர் வெளிய போனதும் அலமாரியைக் கவுத்தேன். கீழ்த்தட்டுல, பருப்பு டப்பாக்களுக்கு அடியில விரிச்சபடி கிடந்துச்சு. ஓரத்துல எண்ணெய்க் கறை.

அவர் வந்ததும் நீட்டினேன். "இந்தாங்க. நீங்கதான் எங்கயோ சொருகி வச்சிருக்கீங்க."

ஏன் அப்படிச் சொன்னேன்னு எனக்கே தெரியலை. ஒன்பது பேங்க், மூவாயிரம் ரூபாய், இத்தனை நாள் அலைச்சல், எல்லாத்துக்கும் நான்தான் காரணம்னு சொல்ல நாக்கு எழலை. அவர் கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இருக்கும். என் புத்தி அப்படி"ன்னார். பிரிச்சார். கடன் முழுக்க அடைஞ்சது, பாக்கி எதுவும் இல்லைன்னு சீல் வச்ச கடிதம். மேடம்கிட்டயும், "நான்தான் மேடம் தொலைச்சிருந்தேன்"னு அவரே சொன்னார். நான் சுவத்தைப் பார்த்துக்கிட்டு நின்னேன்.

அதுக்கப்புறம் காத்திருக்குற காலம். அதுக்குள்ள லீவும் விட்டாச்சு. எங்கயும் போகக்கூடாதுன்னா அவர் என்ன பண்ணுவார்? ஒரு நாளைக்கு மூணு தடவை வேனைக் கழுவினார். ஆணியே தேவையில்லாத சுவத்துல ஆணி அடிச்சார். தையல் மிஷினுக்கு எண்ணெய் விடுறேன்னு என் துணியைக் கெடுத்தார். திட்ட வாயெடுப்பேன், கவர் ஞாபகம் வரும், மூடிக்குவேன். "என்ன, இப்பல்லாம் திட்டவே மாட்டேங்கிறே?"ன்னு அவரே கேட்டார்.

இருபத்தாறாம் நாள் பதிவைத் திருத்திட்டதா தகவல் வந்துச்சு. மேடம் சொன்ன ஒரே ஒரு பேங்க்ல மட்டும் எழுதிக் குடுத்தோம். ஸ்கூல் திறக்க எட்டு நாள் இருக்கும்போது, வாங்க, பதில் ரெடின்னு கூப்பிட்டாங்க. அவர் உள்ள போய் ஒரு கவரோட வந்து வேன்ல ஏறினார். பிரிக்கலை.

"நீயே பிரி"ன்னு என் மடியில வச்சார்.

எனக்குக் கை வரலை. "ஏங்க, அந்தப் பழைய கவரை அலமாரியில போட்டது நான்தாங்க. நீங்க இல்லை."

அவர் தலைக்கு மேல இருந்த வெயில் மறைப்பை இறக்கினார். அதுல அந்தப் பழுப்புக் கவரைச் சொருகி வச்சிருந்தார். எடுத்துத் திருப்பிக் காட்டினார். பின்பக்கம் பென்சில்ல எழுதியிருந்துச்சு. சோப்பு ரெண்டு, உப்பு ஒண்ணு, தீப்பெட்டி ஒரு கட்டு.

"உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுமா எல்லார்கிட்டயும் நான்தான் தொலைச்சேன்னு சொன்னீங்க?"

"நீயா சொல்லுவேன்னு பார்த்தேன். எனக்குக் காத்திருக்கத் தெரியாதுன்னு சொல்லிக்கிட்டே இருப்பியே. நாப்பது நாள் காத்திருந்தேன்."

எனக்கு அழுகை பொத்துக்கிட்டு வந்துச்சு. அழுதுக்கிட்டே கவரைப் பிரிச்சேன். லோன் கிடைச்சிருந்துச்சு. பின்னாடி நின்ன வண்டிக்காரன் வழிவிடச் சொல்லி ஹாரன் அடிச்சுக்கிட்டே இருந்தான். எங்க வீட்டுக்காரர் வேனை ஸ்டார்ட் பண்ணலை. நான் அழுது முடிக்கிற வரைக்கும் சும்மா உட்கார்ந்திருந்தார்.