பூங்காவனம் படித்த தாள்

ஜவ்வாது மலையில் ஓர் ஊர் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஊரின் பெயரை எழுதப்போவதில்லை. ஆட்களின் பெயரையும் மாற்றியிருக்கிறேன். ஏன் என்று போகப்போகத் தெரியும்.

காலை 7.30: கண்ணமங்கலத்தில் பஸ் ஏறினேன். எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு வாரம் ஒருநாள் வகுப்பெடுக்க ஆறு மாதமாகப் போய்வருகிறேன். நான் சரியான பயந்தாங்கொள்ளி. அமிர்தி தாண்டி வளைவுகள் தொடங்கியதும் கண்ணை இறுக மூடிக்கொள்வேன்.

10.00: பஸ் நிற்கும் இடத்திலிருந்து ஊருக்கு நாலு கிலோமீட்டர் ஏற்றம். வழக்கமாக நடப்பேன். அன்று ஒரு வேன் வந்து நின்றது. முன்சீட்டில் வெள்ளைச்சட்டைக்காரர் ஒருவர்.

"ஏறுங்க மேடம், நானும் அங்கதான் போறேன். மிளகு பறிக்க ஆளுங்கள இட்டுனு போவணும்."

இறங்கும்போது ஐம்பது ரூபாய் நீட்டினேன். வாங்கவில்லை. அதுவே எனக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது.

11.00: அங்கன்வாடி அறையில் ஆறு பெண்கள். எங்கள் வகுப்பில் ஒரு கட்டுப்பாடு உண்டு. படிப்பவர் எவ்வளவு திக்கினாலும் பக்கத்திலிருப்பவர் சொல்லை எடுத்துக்கொடுக்கக் கூடாது.

ஏழாவதாகப் பூங்காவனம் ஓடிவந்தாள், கையில் ஒரு தாளோடு. பின்னால் அவள் கணவன் காளி. அவன் கட்டைவிரலில் ஊதா மை. அவனுக்கும் பின்னால் வெள்ளைச்சட்டைக்காரர்.

"இதுல ரேகை வெக்கச் சொல்றாங்க டீச்சர். ஒரு தபா படிச்சிட்டுத் தர்றேன்னு புடுங்கினு வந்துட்டேன்."

நான் கை நீட்டினேன். அவள் தாளைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"நீங்க சொல்லாதீங்க. வெளியூருக்காரங்க சொன்னா இவுரு நம்பமாட்டாரு."

அவள் தோளுக்கு மேலாக ஒரே பார்வையில் நான் படித்துவிட்டேன். ஐயோ! வாயைப் பொத்திக்கொண்டேன். அவள் இன்னும் முதல் சொல்லில் இருந்தாள்.

"ம... ர... மரம். வெ... ட்டும்..."

வெளியே வேன் ஹாரன் அடித்தது. "நேரமாவுதும்மா, குடு," என்றார் வெள்ளைச்சட்டைக்காரர். காளி மைவிரலை வேட்டியில் படாமல் தூக்கிப் பிடித்திருந்தான். சாமி, இவள் பாதியில் விட்டுவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டேன்.

"காட்... டில் எனக்கு... எது நேர்ந்... தாலும்... நானே... பொறுப்பு."

மறுபடி முதலிலிருந்து, இந்த முறை சேர்த்துப் படித்தாள். வேறு வேலை என்று நம்பிப் போய், திருட்டுத்தனமாகச் செம்மரம் வெட்டிச் செத்தவர்களும் சிறைக்குப் போனவர்களும் இந்த மலையில் உண்டு.

"மிளகுன்னு சொன்னீங்களே?" என்று கேட்டான் காளி.

"மிளகுதாம்பா. இதெல்லாம் சும்மா எழுதுறது."

காளி விரலை அங்கன்வாடிச் சுவரில் தேய்த்தான். "நான் வர்லீங்க."

வேனில் ஏற்கெனவே நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். பூங்காவனம் ஓடிப்போய் ஜன்னலருகில் நின்று அவர்களுக்கும் படித்துக் காட்டினாள். ஒருவர் இறங்கினார். மற்ற மூவரும் அசையவில்லை. வெள்ளைச்சட்டைக்காரர் தாளை அவளிடமிருந்து பிடுங்கிப் பையில் வைத்துக்கொண்டு, வேறு ஆள் தேடி ஊருக்குள் போனார்.

2.15: தனியாக இறங்கிக்கொண்டிருந்தேன். பாதி வழியில் பின்னால் வேன் சத்தம். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம், ஒதுங்க இடமில்லை. வேன் என்னை ஒட்டி நின்றது. பாறையோடு ஒட்டிக்கொண்டேன்.

"நீங்கதான படிச்சி சொன்னது?" என்றார் வெள்ளைச்சட்டைக்காரர்.

"இல்லீங்க. அவங்களே படிச்சாங்க."

என்னை நன்றாகப் பார்த்துவிட்டுப் போனார். பின்சீட்டில் அந்த மூவரும் குனிந்த தலையை நிமிர்த்தவேயில்லை.

4.00: திரும்பும் பஸ்ஸில் சிக்னல் கிடைத்ததும் போலீசுக்குப் போன் செய்தேன். "வண்டி நம்பர் சொல்லுங்க," என்றார்கள். எனக்குத் தெரியவில்லை. ஊருக்கெல்லாம் படிக்கக் கற்றுக்கொடுப்பவள், ஏறிப்போன வேனின் நம்பரைப் படிக்கவில்லை! வேனின் நிறத்தை மட்டும் சொன்னேன்.

கண்ணமங்கலத்தில் இறங்கி, வீட்டுக் கதவைத் தாழிட்டு, தாழ் சரியாக விழுந்ததா என்று இருமுறை இழுத்துப் பார்த்தேன். வேனில் போன அந்த மூவரின் வீட்டுப் பெண்களும் என் வகுப்பில் இல்லை. ஒருமுறை கூப்பிட்டேன், வேலை இருக்கிறது என்றார்கள், விட்டுவிட்டேன். அடுத்த வாரம் முதலில் அந்த மூன்று கதவுகளைத்தான் தட்ட வேண்டும். வேனைவிட அதற்குத்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.