ராணிக்கு நிலவேம்பு

எங்கள் நாலாம் வகுப்பில் நிலவேம்புக் கஷாயத்தைச் சொட்டு மிச்சம் வைக்காமல் உள்ளே இறக்கிய ஒரே ஜீவன் ஒரு குதிரைதான். அது வகுப்புப் பக்கமே வந்ததில்லை என்பது வேறு விஷயம்.

சென்னீர்குப்பத்தில் எங்கள் வீட்டை ஒட்டிய காலி மனையில் தகரக் கூரை போட்டு, சித்தப்பா ஒரு வெள்ளைக் குதிரை வைத்திருந்தார். பெயர் ராணி. சுற்றுவட்டாரத்தில் எந்த மாப்பிள்ளை குதிரையேறி ஊர்வலம் போனாலும் அது பெரும்பாலும் ராணியாகத்தான் இருக்கும். அப்பாவும் அம்மாவும் ஆளுக்கொரு கம்பெனிக்கு ஷிப்டு போனார்கள். சித்தப்பாவுக்கு மட்டும் நேரம் பார்த்துக் கைரேகை வைக்கிற வேலை ஒத்துவரவில்லை. தனக்கு ஒரு கல்யாணம் செய்துகொள்ளத் துப்பில்லை, ஊர் மாப்பிள்ளைகளை எல்லாம் ஏற்றி இறக்குகிறார் என்று அம்மா கிண்டல் செய்வாள். அவர் சிரித்துக்கொண்டே ராணிக்குக் கொள்ளு ஊற வைப்பார்.

அந்த ஐப்பசியில் ஒரு கல்யாணத்துக்கு வெளியூரிலிருந்து வந்திருந்த குதிரைகள் இரண்டு இருமிக்கொண்டிருந்தன. மூன்றாம் நாள் ராணியும் இரும ஆரம்பித்தாள். மூக்கு ஒழுகியது, தீனியில் வாய் வைக்கவில்லை, உடம்பு தோசைக்கல்லாகக் கொதித்தது. கால்நடை டாக்டர் வந்து பார்த்தார். குதிரைகளுக்கு வருகிற வைரஸ் காய்ச்சல், கிருமியைக் கொல்லத் தன்னிடம் ஊசி இல்லை என்றார். எத்தனை நாள் காய்ச்சல் அடிக்கிறதோ அத்தனை வாரம் ஓய்வு, அதுதான் மருந்து. காய்ச்சல் விட்டதும் நல்லாகிவிட்டது என்று வேலை வாங்கினால் நுரையீரல் போய்விடும், அப்புறம் குதிரை உங்களுடையது இல்லை என்று கண்டிப்பாகச் சொன்னார். சித்தப்பா தலையை ஆட்டினார்.

நான் சும்மா இருப்பேனா? பள்ளிக்கூடத்தில் டெங்குவுக்குக் கொடுக்கிற நிலவேம்புக் கஷாயத்தை ராணிக்குக் கொடுக்கலாமா என்று கேட்டேன். டாக்டர் சிரித்துவிட்டார். "தவிட்டுல கலந்து கொஞ்சம் குடேன், தப்பில்ல. ஆனா ஓய்வுக்கு பதிலா அது ஆவாதும்மா." இதில் முதல் பாதியை மட்டும் என் காது எடுத்துக்கொண்டது.

மழைக்காலம் வந்தால் எங்கள் பள்ளிக்கூடத்தில் காலைப் பிரார்த்தனை முடிந்ததும் ஒரு பெரிய அண்டாவில் கஷாயம் வந்துவிடும். ஆளுக்கு ஒரு பேப்பர் கப். ஐயோ, அந்தக் கசப்பை இப்போது நினைத்தாலும் நாக்கு சுருள்கிறது! வகுப்புத் தலைவி என்ற முறையில் ஊற்றிக் கொடுப்பது என் பொறுப்பு. டீச்சருக்கு அந்த வாசனையே ஆகாது, ஊற்றுகிற நேரம் வராந்தாவில் போய் நின்றுகொள்வார். நான் அறிவிப்பு விட்டேன்: யார் யார் தங்கள் கஷாயத்தை என் தண்ணீர் பாட்டிலில் ஊற்றுகிறார்களோ, அவர்கள் எல்லாம் ராணி குணமானதும் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்க்கலாம். அவ்வளவுதான், வரிசை கட்டிவிட்டார்கள். காலி கப்புகளைப் பார்த்த டீச்சர், பள்ளிக்கூடத்திலேயே நாலாம் வகுப்புதான் சமர்த்து என்று பிரார்த்தனையில் சொல்லி எல்லோரையும் கைதட்ட வைத்தார். நாங்கள் தலையைக் குனிந்துகொண்டு அந்தக் கைதட்டலை வாங்கிக்கொண்டோம்.

முதல் நாள் ராணி முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளும் நாலாம் வகுப்புதான் போலிருக்கிறது. சித்தப்பா தவிட்டில் கஷாயத்தை ஊற்றி, வெல்லத்தை நசுக்கிப் போட்டுப் பிசைந்தார். வாளியை நக்கிச் சுத்தம் செய்துவிட்டாள். தினமும் ஒரு பாட்டில். ஐந்தாம் நாள் சாயங்காலம் சித்தப்பா தெர்மாமீட்டரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். காய்ச்சல் இல்லை! தெருவே கேட்கிற மாதிரி என்னை டாக்டரம்மா என்று கூப்பிட்டார். ராணி தீனி கேட்டுக் காலால் தரையைத் தட்டினாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

தானாக விடுகிற காய்ச்சல் அந்த நாளில் விட்டிருக்கிறது, அவ்வளவே. நிலவேம்பு அதற்குக் கொஞ்சம் உதவியிருக்கலாம், உதவாமலும் இருந்திருக்கலாம். செடிகொடிகளில் வைரஸுக்கு மருந்து தேடுகிறார்கள் என்று எங்கே செய்தி வந்தாலும் இன்றைக்கும் முழுக்கப் படித்துவிடுவேன். ஒன்பது வயதில் எனக்கு அந்தத் தேடல் எல்லாம் முடிந்துபோயிருந்தது. கண்டுபிடித்தவள் நான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சித்தப்பாவின் கூட்டாளியினுடைய தம்பிக்குக் கல்யாணம். நிச்சயதார்த்தத்தன்றே ராணி வருவாள் என்று சித்தப்பா வாக்குக் கொடுத்திருந்தார். வேறு குதிரை பார்க்கலாம் என்றால், அந்த வாரம் விசாரித்த இடத்தில் எல்லாம் குதிரைகள் இருமிக்கொண்டிருந்தன. சனிக்கிழமை மத்தியானம் சித்தப்பா அம்மாவிடம் வந்து நின்றார். சும்மா அரை கிலோமீட்டர் நடைதான், நாளைக்கு அழைத்துப்போகலாமா என்று இழுத்தார்.

"டாக்டரு ஒரு நாளு காய்ச்சலுக்கு ஒரு வாரம்னாரே, காதுல வுழலையா? அது இன்னும் இருமிகினே கீது" என்றாள் அம்மா.

ஷிப்டு முடிந்து வந்த அப்பாவிடம் போனார். அப்பா சட்டையைக் கழற்றிக்கொண்டே தனக்கு மனசு ஒப்பவில்லை என்றார். அப்புறம்தான் என்னிடம் வந்தார். நான் வாசலில் உட்கார்ந்து கஷாய பாட்டிலைக் கழுவிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் குந்திக்கொண்டார்.

"இன்னா டாக்டரம்மா, உன் பேஷண்டு எப்பிடி கீறா?"

"சூப்பரா கீறா சித்தப்பா. என் கஷாயம் வைரஸ கொன்னுடுச்சு."

"அப்போ நாளைக்கு இட்டுகினு போலாமா?"

"தாராளமா போலாம்!"

அவர் என் தலையைக் கலைத்துவிட்டு எழுந்து போனார். கொஞ்ச நேரத்தில் சேணத்தைத் தட்டித் துடைக்கிற சத்தம் கேட்டது. அம்மா பாத்திரத்தைக் கொஞ்சம் பலமாகவே வைத்தாள்.

ஞாயிறு சாயங்காலம் பட்டுப்பாவாடை கட்டிக்கொண்டு நானும் ராணியோடு நடந்தேன். அரை கிலோமீட்டர்தான். ஆனால் மாப்பிள்ளையின் கூட்டாளிகள் பத்தடிக்கு ஒரு ஆட்டம் போட்டார்கள். பேண்டு செட்டு காதைப் பிளந்தது. சரவெடிப் புகையில் ராணி இரண்டு தரம் இருமினாள். சித்தப்பா அவள் கழுத்தில் கையை வைத்துப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், மேலே நடத்தினார். மண்டபம் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் ராணி நின்றுவிட்டாள். முன்கால்களை அகட்டி, கழுத்தை நீட்டி, மூச்சுக்குத் தவித்தாள். விலா எலும்புகள் உள்ளே போய்ப் போய் வந்தன.

சித்தப்பா மாப்பிள்ளையைத் தூக்கி இறக்கிவிட்டார். ஜரிகைத் துணியையும் சேணத்தையும் அவிழ்த்துத் தரையில் போட்டார். யாரோ கெட்ட வார்த்தையில் திட்டினார்கள். மாப்பிள்ளை மாலையோடு நடந்தே மண்டபத்துக்குப் போனான். நாங்கள் சர்வீஸ் ரோடு வழியாக, கண்டெய்னர் லாரிகளுக்கு ஓரமாக, பத்தடி நடந்து நின்று, பத்தடி நடந்து நின்று வீடு வந்தோம். வழியெல்லாம் சித்தப்பா ராணியின் காதில் பேசிக்கொண்டே வந்தார். அழுதார். பெரிய ஆள் ஒருவர் நடுரோட்டில் அழுவதை அன்றுதான் பார்த்தேன், எனக்குப் பயமாக இருந்தது.

டாக்டர் வந்ததும் வராததுமாகக் கத்தினார். மார்பில் சளி கட்டிக்கொண்டுவிட்டது, பிழைத்தால் உங்கள் அதிர்ஷ்டம் என்றார். யார் இதை வெளியே அழைத்துப்போகச் சொன்னது? நான் அம்மாவின் புடவைக்குப் பின்னால் போய்விட்டேன். தாராளமா என்று சொன்னது நான்தானே!

"நான்தான் சார். யாரையும் ஒரு வார்த்த கேக்கல. என் புத்திதான்" என்றார் சித்தப்பா.

அப்பாடா என்று இருந்தது. அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

ராணி பிழைத்தாள். ஆனால் பழைய மூச்சு திரும்பவில்லை. நாலு அடி வேகமாக வைத்தால் இளைத்தது. திருவள்ளூர்ப் பக்கம் ஒரு தோப்புக்காரர் சும்மா கட்டி வைத்துக்கொள்கிறேன் என்று அழைத்துப்போனார். சித்தப்பா ஒரு கம்பெனி வேனுக்கு டிரைவராகப் போனார், கைரேகை வைத்துவிட்டு. எங்கள் வகுப்பில் ஒருவர்கூட அந்த நெற்றியைத் தொடவில்லை.

எனக்கு அவர் மீது ஒரு கோபம்கூட இருந்தது. கஷாயம் கொடுத்த கதையை அதற்குப் பிறகு அவர் யாரிடமும் எடுக்கவே இல்லை, என் பெயர் வெளியே வரவில்லை. வீட்டில் ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தவர், சரி என்று சொல்ல ஒரு ஆள் கிடைத்ததும் கேட்பதை நிறுத்திக்கொண்டார் என்பதோ, கிடைத்த ஆளை அதற்கப்புறம் ஒருநாளும் காட்டிக்கொடுக்கவில்லை என்பதோ அன்று எனக்குத் தெரியாது. சித்தப்பாவுக்கு ஞாபகமறதி என்றுதான் நினைத்தேன்.