மேருவுக்குப் போய் ஒரு புள்ளியில் தப்பித்த கதை

இல்லை சேகர், கோல் காக்கிற கோலியை மாற்றினால் கிளப் பிழைக்காது. "மூளை இல்லாதவனை கோலில் நிறுத்தி மேல் டிவிஷனில் காலம் தள்ள முடியாது, அடுத்த சீசனுக்கு வேறு ஆள் பார்க்கிறேன்" என்று நேற்று ராத்திரி கிளப் வாட்ஸ்அப்பில் எழுதினாய். பதினொரு பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருக்கிறார்கள். நான் தூக்கவில்லை. விரலில் சுளுக்கு என்று வைத்துக்கொள்.

சேகர் இந்தப் பக்கத்தைப் படிப்பதில்லை. பங்சாரில் ஆபீஸ் வேலை பார்க்கிறவனுக்கு ஆறாம் வகுப்போடு நின்ற கிழவன் எழுதுவதைப் படிக்க நேரம் ஏது? அதனால்தான் தைரியமாகத் திட்டுகிறேன். அவனிடம் நாளைக்கு நேரில் சொல்லிக்கொள்கிறேன். நீங்கள் பயணத்தைப் படியுங்கள். சனிக்கிழமை வெட்டியாக இருந்து, கிள்ளான் பக்கம் பந்து விளையாட்டுப் பார்க்கப் போகலாமா என்று யோசிக்கிறவர்களுக்கு உதவும்.

செங்கல் எஃப்.சி. எங்கள் பிரிக்ஃபீல்ட்ஸ் அணி. சேகர்தான் மேனேஜர். வார இறுதி லீக்கில் ரொம்ப வருஷம் கீழ் டிவிஷனில் கிடந்து, போன வருஷம் எப்படியோ மேலே ஏறிவிட்டார்கள். மேலே இருப்பதெல்லாம் தொழிற்சாலை அணிகள். அவர்களுக்குச் சொந்தப் பஸ், சொந்தத் திடல், காலைத் தேய்த்துவிட ஒரு ஆள். எங்களுக்கு சேகரின் வேன். அதில் பின் கதவு பூட்டாது. நேற்று, சனிக்கிழமை, கடைசி ஆட்டம் கிள்ளானைத் தாண்டி மேருவில். நான் போனது அதற்காகத்தான்.

கே.எல். சென்ட்ரலில் 12.48-க்கு போர்ட் கிள்ளான் கொமுட்டர் ரயில். எனக்கு எழுபத்தொரு வயது என்பதால் பாதிக் கட்டணம், இரண்டு வெள்ளி பதினைந்து காசு (ரிங்கிட்டை நாங்கள் வெள்ளி என்போம்). இளவட்டங்கள் இரண்டு பங்கு வைத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை அரை மணிக்கு ஒன்றுதான் வரும், விட்டால் பிளாட்பாரத்தில் உட்கார்ந்து கொட்டாவி விட வேண்டியதுதான். பெட்டிக்குள் குளிர் எலும்பைத் தொடும். துண்டு எடுத்துப் போங்கள்.

என்னோடு வந்தவன் சுஜின். அவன்தான் அந்த 'மூளை இல்லாத' கோலி. கன்னியாகுமரிக் கடற்கரைக்காரன், இருபத்தாறு வயது, எங்கள் தெரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் சமையல். நாட்டுக்கு வந்து ஆறு மாதம் ஆகிறது. பழைய கோலிக்கு மணிக்கட்டு உடைந்ததால் இரண்டு மாதமாக இவன் நிற்கிறான். இவன் நின்ற ஏழு ஆட்டத்தில் ஐந்து சமம். காலைக் கடை முடித்துவிட்டு வந்ததால் வேனைப் பிடிக்க முடியவில்லை. கிழவனோடு ரயில்.

சின்ன அணி மேலே எப்படிப் பிழைக்கிறது என்று கேட்பீர்கள். எங்கள் கோச் சிக்கு அஸ்மானைத்தான் கேட்க வேண்டும். ஓய்வுபெற்ற மலாய் வாத்தியார், 'சிக்கு' என்றாலே மலாயில் வாத்தியார்தான். சீசன் தொடங்கிய நாளே சொல்லிவிட்டார், நம்மால் எல்லோரையும் ஜெயிக்க முடியாது, ஆனால் எல்லோரையும் ஜெயிக்க விடாமல் இருக்க முடியும் என்று. புதன்கிழமை மாலை எல்லாருடைய வேலை நேர அட்டவணையையும் வாங்கிப் பார்ப்பார். இரவு ஷிப்ட் முடித்து வருகிறவனை முதல் பாதியில் இறக்க மாட்டார், எவ்வளவு பெரிய ஆட்டக்காரனாக இருந்தாலும். எங்கள் சொந்த ஆட்டங்களில் திடலின் கோட்டை விதி எவ்வளவு விடுமோ அவ்வளவு குறுக்கிப் போடச் சொல்வார், தொழிற்சாலைக்காரர்களின் வேகமான பையன்கள் ஓரத்தில் ஓட இடம் இருக்காது. எட்டுப் பேர் பந்துக்குப் பின்னால். முன்னால் இரண்டு பேர் சண்டைக்கு. பார்க்க அழகாக இருக்காது. நான் பாதி ஆட்டத்தில் தூங்கியிருக்கிறேன். ஆனால் புள்ளி ஒன்றொன்றாகச் சேர்ந்தது.

சமமாக முடிவதற்கு மலாயில் 'செரி' என்பார்கள். நாம் 'சரி'யைப் பேச்சில் எப்படிச் சொல்கிறோம்? அதுவும் 'செரி'தான். இங்கே பிறந்தவனுக்கு இதில் குழப்பமே வராது.

ரயிலில் அடுத்த ஸ்டேஷன் பேரை அந்தப் பொம்பளைக் குரல் சொன்னது: "செரி செத்தியா." சுஜினுக்குச் சிரிப்பு.

"மாமா, இவ சொல்றது நம்ம சிக்கு கத்துற மாரியே இருக்கு. அவரும் எப்பப் பாத்தாலும் 'செரி செரி'ன்னுதான கத்துறாரு. அவருக்குத் தமிழ் தெரியுமா?"

அங்கே நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாய் சும்மா இருந்தால்தானே?

"தெரியும்டா தம்பி. ஒனக்காகவே படிச்சாரு. ஒரு வார்த்தைதான் இன்னும் வந்திருக்கு. நீ கைய தூக்கி எது கேட்டாலும், அவரு 'செரி'ன்னா செரிதான்லா."

"நல்ல மனுசன்" என்றான், முகம் மலர்ந்து.

உள்ளுக்குள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தேன். கிள்ளானில் இறங்கியதும் சொல்லிவிடலாம் என்றிருந்தேன். இறங்கியது 1.55-க்கு. ஸ்டேஷனிலிருந்து லிட்டில் இந்தியா நடை தூரம்தான், எட்டு நிமிடம். அங்கே இலைச் சாப்பாடு பன்னிரண்டு வெள்ளி, பாகற்காய்ப் பொரியலும் இரண்டாம் தடவை ரசமும் அதிலேயே சேர்த்தி. ரசம் வந்தது. மறந்துவிட்டேன்.

அங்கிருந்து மேரு திடல் ஒன்பது கிலோமீட்டர். பஸ்ஸை நம்ப வேண்டாம். போனில் கூப்பிடும் கிராப் காரில் பதின்மூன்று வெள்ளி, லோரிகளுக்கு நடுவே இருபத்தைந்து நிமிடம். ஓட்டியவர் மேருக்காரர், நம்ம ஆள், திடலைப் 'பாடாங்' என்கிறவர்.

"பாடாங்ல என்ன பாஸ், பங்சனா?"

"மேட்ச்லா அண்ணே. பிரிக்ஃபீல்ட்ஸ் டீம்."

"அட, இன்னும் அந்த டிவிஷன்லயா இருக்கீங்க?"

"சாயங்காலம் வரைக்கும் இருக்கோம்."

அவர் சிரித்த சிரிப்பில் வண்டி கோட்டைத் தாண்டிப் போனது. பின்னால் வந்த லோரிக்காரன் ஹார்னிலேயே எங்கள் மூவரையும் திட்டினான்.

ஐந்து மணிக்கு ஆட்டம். கணக்கு எளிது. எங்களுக்கு அடியில் இருந்த அணி இரண்டு புள்ளி பின்னால். அதே நேரம் அவர்கள் வேறு திடலில் ஆடுகிறார்கள். அவர்கள் ஜெயித்தாலும் எங்களுக்கு ஒரு 'செரி' கிடைத்தால் போதும், கோல் கணக்கில் நாங்கள் மேலே. தோற்றால் இறங்க வேண்டியதுதான்.

மதியம் பெய்த மழையில் திடல் சோற்றுப் பானை மாதிரி குழைந்திருந்தது. எங்களுக்கு அது நல்லது. சுஜின் மூன்று பந்தைத் தடுத்தான். அதில் ஒன்றை எப்படித் தடுத்தான் என்று அவனுக்கே தெரியாது, முகத்தில் பட்டுப் போனது. அந்த வேறு திடலில் எங்களுக்கு அடியில் இருந்த எதிரிகள் ஒரு கோல் முன்னால் என்று சேகர் போனைப் பார்த்துச் சொன்னான். இங்கே 0-0. இரண்டு நிமிடம் மிச்சம். எங்களுக்கு ஒரு கார்னர்.

கோலில் இருந்து சுஜின் கையைத் தூக்கினான். 'நானும் மேலே போகட்டுமா?' என்று விரலால் காட்டினான். அவன் ஊர்க் கடற்கரையில் கோலியும் ஓடிப்போய்த் தலையால் முட்டுவானாம், அது அங்கே பழக்கம். சிக்கு இரண்டு கையையும் விரித்துக்கொண்டு தொண்டை கிழியக் கத்தினார்:

"செரி! செரி!"

சமம்தான், போதும், அங்கேயே நில் என்று அர்த்தம். சுஜின் அவிழ்த்துவிட்ட மாடு மாதிரி மேலே ஓடினான்.

எனக்கு அப்போதுதான் ரசம் மேலே வந்தது.

கார்னர் பந்தை அவர்கள் கோலி பிடித்து ஒரே வீச்சாக வீசினான். எங்கள் கோலில் ஈ காக்கை இல்லை. அவர்கள் ஆள் நடந்தே போய்ப் போட்டான். 1-0. விசில்.

அந்தத் திடலில் ஆட்டம் முடிய இன்னும் எட்டு நிமிடம் இருந்தது, எல்லோரும் சேகரைச் சுற்றிக் கூடினார்கள். சேகர் போனையே பார்த்துக்கொண்டு நின்றான். கடைசியில் அந்தத் திடலில் எதிரிகளும் சாகும் நேரத்தில் ஒரு கோல் வாங்கி, ஜெயித்த ஆட்டத்தை 'செரி' ஆக்கிக்கொண்டார்கள். ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் நாங்கள் மேலேயே இருக்கிறோம். எல்லோரும் கட்டிப்பிடித்தார்கள். சுஜினை யாரும் கட்டிப்பிடிக்கவில்லை. அவன் திடலோரக் குழாயில் முகத்துச் சேற்றைக் கழுவிக்கொண்டிருந்தான். வேனில் வரும்போது கதவு திறந்துகொள்ளாமல் கயிற்றைப் பிடிக்கிற வேலையை அவனுக்குக் கொடுத்தார்கள். மேருவிலிருந்து பிரிக்ஃபீல்ட்ஸ் வரை பிடித்துக்கொண்டே வந்தான். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. பயம்.

போக நினைப்பவர்களுக்கு: ஆட்டம் ஐந்து மணி என்றால் ஐந்தேகாலுக்குத்தான் தொடங்கும், ஆனால் நிழல் இடம் நாலரைக்கே தீர்ந்துவிடும். நுழைவு இலவசம். குடை கட்டாயம், வெள்ளைக் காலணி கூடாது. மேருவில் திரும்பி வரக் கார் கிடைக்கச் சுணங்கும், ஆட்டம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போதே போனில் கூப்பிட்டுவிடுங்கள். போக வர, சாப்பாட்டோடு, எனக்கு ஆன செலவு இருபத்தேழு வெள்ளி பதினைந்து காசு. திரும்பியது ஓசி வேனில்.

கிளப் நடத்துகிறவர்களுக்கும் ஒன்று. மேலே ஏறியதும் ஆளை மாற்றாதீர்கள். பெரிய அணிக்கு ஒருத்தன் போனால் ஒருத்தன் வருவான். சின்ன அணியில், கோலி எந்தப் பக்கம் விழுவான் என்று முன்னால் நிற்கிறவனுக்குத் தெரிந்திருப்பதுதான் சொத்து. அது கைவர இரண்டு மாதம் ஆகும். சுஜின் விஷயத்தில் இப்போதுதான் கைவந்தது.

இதுவரை ஞாயிற்றுக்கிழமை எழுதியது. இனி திங்கட்கிழமை.

பிற்பகல் மூன்றரை மணி. சாப்பாட்டுக் கடையில் கூட்டம் இல்லை. சேகர் கிளப் பையோடு வந்திருந்தான், சுஜினிடமிருந்து ஜெர்சியையும் கையுறையையும் திருப்பி வாங்க. வாங்கிப் பையில் போட்டும் விட்டான். சுஜின் அடுப்படிக்குப் போய்விட்டான். நான் சேகரை உட்கார வைத்தேன்.

"அங்கிள், அவனுக்கு வக்கீல் வேல பாக்காதீங்க. ரெண்டு நிமிசம்தான் இருக்கு, சமமா ட்ரோ ஆனா போதும். கோல விட்டுட்டு ஓடுறான்னா அவன் மண்டைல என்ன இருக்கு?"

"கைய தூக்கிக் கேட்டான்ல?"

"கேட்டான். சிக்குதான் சொன்னாரே, செரி செரின்னு. எனக்கே காது அடைச்சிருச்சு."

"ஒனக்கு அது மலாய் செரி. கன்னியாகுமரிக்காரனுக்கு?"

டீயை வாயருகே கொண்டுபோன சேகர் அதைக் கீழே வைத்தான். ஒரு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்தான். உதடு அசைந்தது தெரிந்தது.

"அவனுக்கு யாரும் சொல்லித் தரலயா?"

"சொல்லித் தந்தாங்க. தப்பா." தொண்டையைச் செருமிக்கொண்டேன். "நான்தான். டிரெய்ன்ல, சும்மா ஒரு வெளாட்டுக்கு, சிக்கு தமிழ் படிச்சிருக்காருன்னு. கிள்ளான்ல எறங்கினதும் சொல்லிடலாம்னுதான் இருந்தேன் சேகர். அப்புறம் எல போட்டாங்களா, அதுல பாரு, அந்த ரசம்..."

அவன் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது, குடும்பத்தோடு படிப்பீர்கள். பையைத் திறந்தான். கையுறையை எடுத்தான். எழுந்து அடுப்படிக்குள் நடந்தான்.

"இரு, நான் இன்னும் முடிக்கல" என்றேன். "ரசம் ரெண்டாவது தடவ வந்தப்பதான்..."

கதவு அவனுக்குப் பின்னால் ஆடிக்கொண்டிருந்தது.