தையல்கடை பாயின் இஸ்திரிப் பெட்டி

அப்போது நான் பி.எஸ்ஸி. இயற்பியல் படித்துக்கொண்டிருந்தேன். மயிலாப்பூரில் எங்கள் தெருமுனையில் ஒரு பாய் தையல்கடை வைத்திருந்தார். செய்முறைத் தேர்வன்று காலை, தைக்கக் கொடுத்த ரவிக்கையை வாங்க அங்கே போனேன். பாண்டி பஜாரில் வாங்கிய புது மின்சார இஸ்திரிப் பெட்டியை மேசைமேல் வைத்துக்கொண்டு பாய் தவித்துக்கொண்டிருந்தார்.

"இன்னா பாப்பா, ஒயர்மேன் வர்றேன்னு சொல்லிட்டு ஆளயே காணோம். இத்த லைட்டு ஓல்டர்ல மாட்டினா ஒயர் தாங்குமா? நீதான் கரண்ட்டு படிக்கிறியே."

பெட்டியின் தகட்டில் 230 வோல்ட், 750 வாட் என்றிருந்தது. வாட்டை வோல்ட்டால் மனதுக்குள்ளேயே வகுத்தேன். "அர ஆம்பியர்கூட இழுக்காது பாய். தாராளமா மாட்டுங்க. எனக்குப் பரீட்சைக்கு நேரமாச்சு" என்று சொல்லிவிட்டு அடையாறு பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன்.

பஸ்ஸில் உட்கார்ந்ததும் தேர்வு பயம் பிடித்துக்கொண்டது. வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் மின்தடை. பழகிப் பார்க்க பாயின் பெட்டியையே எடுத்துக்கொண்டேன். கிட்டத்தட்ட எழுநூறு ஓம் வந்தது. ஆனால் போன வாரம் ஆய்வகத்தில் இதே மாதிரிப் பெட்டியின் கம்பிச்சுருளை அளந்தபோது எழுபதுதான் வந்திருந்தது. வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கிப் பார்த்தேன். எழுபத்தைந்து வாட்! அது ஒரு பல்புக்குத்தான் காணும். தசமப் புள்ளியை ஓரிடம் தள்ளி வைத்திருந்தேன். லைட்டு தொங்கும் அந்த நூலொத்த ஒயரில் இப்போது மூன்றேகால் ஆம்பியர் ஓடிக்கொண்டிருக்கும். கீழே மேசை நிறையத் துணி.

பஸ் மந்தைவெளியைத் தாண்டிவிட்டிருந்தது. எழுந்து நின்றேன், உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன். தேர்வுக்கு நேரமாகிவிடும். ஒயர்மேன் வந்திருப்பார். பாயே மாட்டியிருக்க மாட்டார். இப்படி எதையெதையோ சொல்லிப் பார்த்தும் மனசு ஆறவில்லை. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, திரும்பிப் போகும் பஸ்ஸுக்குக் காத்திருக்கப் பொறுக்காமல் ஓடத் தொடங்கினேன். வழியில் செருப்பு வார் அறுந்தது. கையில் எடுத்துக்கொண்டு ஓடினேன்.

பாய் சாவகாசமாக ஒரு கால்சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். ரப்பர் தீயும் வாடை வாசலிலேயே அடித்தது. நேரே போய் சுவிட்சை அணைத்தேன்.

"இன்னா ஆச்சு?"

"கணக்கு தப்பு பாய். நான் சொன்னத விட பத்து மடங்கு இழுக்குது."

அவர் ஒயரைத் தொட்டார். உடனே கையை இழுத்துக்கொண்டார். மேலே சுற்றியிருந்த பருத்தி உறை பழுப்பேறியிருந்தது. சட்டென்று கடையின் பின்பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"பின்னாடி புள்ள தூங்கிக்கினு கீது" என்றார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பிறகுதான் என் கையிலிருந்த செருப்பைக் கவனித்தார். "உனுக்குப் பரீட்சைன்னு சொன்னியே? போ போ, ஓடு."

காலைத் தேர்வு போயிற்று. பேராசிரியையிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். அவர் என்னை மதியக் குழுவில் சேர்த்துக்கொண்டார். ஒரு கம்பிச்சுருளின் மின்தடையைக் கண்டுபிடிக்க வேண்டும். விடை முதல்முறையே சரியாக வந்தும் நம்பாமல் நாலு தடவை வகுத்தேன். கடைசியாகத் தாளைக் கொடுத்தது நான்தான்.

அந்த வாரமே பாய் ஒயர்மேனைப் பிடித்துவந்து தடித்த ஒயரில் தனி லைன் போட்டுக்கொண்டார். எப்போதும் போலச் சிரித்துப் பேசினார், ரவிக்கை தைத்துக் கொடுத்தார். ஆனால் கரண்ட்டைப் பற்றி மட்டும் அதன்பிறகு என்னிடம் எதுவும் கேட்டதில்லை. கேட்க மாட்டாரா என்று ஒவ்வொரு தடவையும் கொஞ்ச நேரம் நின்று பார்ப்பேன்.