அப்பா ஏலத்துக்குக் கொடுத்த வண்டிப் புத்தகம்

“வண்டியே இல்லாதவர் வண்டியோட புத்தகத்தை எதுக்கும்மா இத்தனை வருஷம் வச்சிருந்தார்?”

பழைய கார் சங்கத்தின் செயலாளர் என்னைப் பார்த்துத்தான் கேட்டார். அப்பா காதில் விழாதவர் போல அட்டைப்பெட்டியின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பதில் தெரியும், ஆனால் அது நின்றபடியே சொல்லி முடிக்கிற பதில் இல்லை. அதனால் இப்போது எழுதுகிறேன்.

அப்பா கார்களுக்கு சீட் தைப்பவர். வளைந்த ஊசி ஒன்று எப்போதும் அவர் சட்டைக் காலரில் குத்தியிருக்கும். பட்டறைத் தெருவில் அவர் பெயரே ‘ஊசி’தான். “கல்யாணத்தன்னைக்கே அதைக் குத்திக்கிட்டு வந்து நின்ன மனுஷன்” என்று அம்மா சொல்வாள்.

எங்களிடம் ஒரு பழைய கார் இருந்தது. சாலையில் அந்த மாடலை இப்போது பார்ப்பதே அபூர்வம். அதன் சீட்டுகளை அப்பாவே தைத்தார். பழுப்புத் துணியில் கட்டம் கட்டமாகத் தையல், ஓரத்தில் பச்சைப் பட்டை. ஏன் பச்சை என்று கேட்டால், “கடையில மிச்சம் கிடந்தது பச்சைதான்” என்பார்.

ஒருநாள் அண்ணன் கேட்காமல் அந்தக் காரை எடுத்துப்போனான். திரும்பி வரும்போது இடதுபக்கக் கதவு நசுங்கியிருந்தது. பட்டறையில் வாடிக்கையாளர்கள் நின்றிருந்தார்கள். அத்தனை பேர் முன்னாலும் அப்பா கத்தினார்.

“கதவைச் சரி பண்ணிட்டு வீட்டுக்கு வா. இல்லைன்னா இந்தப் பக்கமே வராதே!”

அண்ணன் மறுபடி உள்ளே ஏறினான். வண்டியைத் திருப்பிக்கொண்டு போனான், அவ்வளவுதான். அவன் போன் அன்றே அணைந்துவிட்டது. “வளர்ந்த பையன், தானா போயிருக்கான், தானா வருவான்” என்று போலீஸில் சொன்னார்கள். ஆறு வருஷம் ஓடிவிட்டது.

இந்த வருஷம் நான் பள்ளியை முடித்துவிட்டு, அடுத்து என்ன என்று தெரியாமல் வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தேன். அப்போதுதான் சங்கத்தின் ஏல அறிவிப்பு பட்டறைச் சுவரில் ஒட்டப்பட்டது. பழைய கார் சாமான்களை நன்கொடையாகக் கொடுக்கலாம், ஏலப் பட்டியல் படங்களோடு எல்லா ஊர்ச் சங்கங்களுக்கும் போகும் என்று அதில் இருந்தது. அப்பா அன்று மாலையே பரண் மேல் ஏறினார். வண்டியோடு வந்த கையேட்டுப் புத்தகம், மாற்றுச் சாவிக்கொத்து, முன்பக்கச் சின்னம் எல்லாம் கீழே வந்தன.

“அந்த வண்டி வச்சிருக்கவனுக்குத்தான் இந்தப் புத்தகம் வேணும். வேற யாருக்கு வேணும்?” என்றார்.

அம்மா துணி மடிப்பதை நிறுத்தவில்லை. “புத்தகத்தைத் தூண்டில்ல மாட்டி மகனைப் பிடிக்கப் போறீங்களாக்கும்.”

“ஆமாடி. பிடிக்கத்தான் போறேன்.”

சங்க அலுவலகத்தில் அப்பா ஒரு பக்கத்தை விரித்து வைத்து, இதைத்தான் படம் எடுக்க வேண்டும் என்றார். வயரிங் படம் போட்ட பக்கம். அண்ணன் சின்னப் பையனாக இருந்தபோது அதன் கோடுகள் மேல் கலர் பென்சிலால் கிறுக்கி, ஓரத்தில் ஒரு மீனும் வரைந்திருந்தான்.

செயலாளர் சிரித்துவிட்டார். “மாஸ்டர், நல்ல பக்கம் எவ்வளவோ இருக்கு. மீனைக் காட்டினா எவன் வாங்குவான்?”

“வாங்க வேண்டியவன் வாங்குவான் சார். ஒண்ணே ஒண்ணு, ஏலம் எடுக்கிறவர் நேர்ல வந்துதான் எடுத்துக்கணும்.”

ஏலத்தன்று அம்மா வரவில்லை. ஆனால் சமைக்கும்போது அரிசி ஒரு ஆளுக்குக் கூடுதலாக விழுந்ததைப் பார்த்தேன்.

வாடகை மண்டபம், பிளாஸ்டிக் நாற்காலிகள். அப்பா வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்தார். சின்னமும் சாவிக்கொத்தும் சட்டென்று போய்விட்டன. புத்தகத்தைத் தூக்கிக் காட்டியபோது ஒரு கையும் உயரவில்லை. “போன்லயே படிச்சுக்கலாமே இதை” என்று யாரோ முணுமுணுத்தார்கள். பிறகு கடைசி வரிசையில் ஒரு கை உயர்ந்தது.

அப்பா எழுந்து நின்றே விட்டார்.

கண்ணாடி போட்ட, முடி நரைத்த ஒருவர். அண்ணன் இல்லை.

எல்லாம் முடிந்ததும் அப்பா அவரிடம் போனார். “வண்டி உங்ககிட்ட இருக்கா சார்?”

“இருக்கு, ஆனா அரைகுறை. இன்னொரு வண்டியைப் பிரிச்சுப் போட்டிருந்தாங்க, அதுலேர்ந்து சாமான் எடுத்துத்தான் ஒப்பேத்தறேன்.” போனில் படங்களைத் தள்ளிக் காட்டினார். ஒரு படத்தில் அப்பாவின் விரல் நின்றது. பழுப்புத் துணி, கட்டம் கட்டமாகத் தையல், பச்சைப் பட்டை.

“இது எங்க கிடைச்சுது?”

“பழைய இரும்புக் கடையில. நம்பர் பிளேட்டுகூட இல்லை. யார் கொண்டுவந்து போட்டாங்கன்னு கடைக்காரருக்கே தெரியலை. இப்ப அந்தக் கடையும் இல்லை, அங்க கட்டடம் வந்துடுச்சு.” பிறகு ஏதோ நினைவு வந்தவராக, “ஒரு வேடிக்கை பாருங்க. பிரிச்சுப் போட்ட அந்த வண்டி முழுக்கத் துரு. ஆனா இந்த இடதுபக்கக் கதவு மட்டும் புதுசாட்டம் இருந்துச்சு. யாரோ பார்த்துப் பார்த்து ஒடுக்கு எடுத்து, பெயின்ட் அடிச்சிருக்காங்க. என் வண்டியில அதைத்தான் மாட்டியிருக்கேன்.”

அப்பா படத்தில் அந்தக் கதவைப் பெரிதாக்கிப் பார்த்தார். கை காலருக்குப் போனது, ஊசியைத் தொட்டது, இறங்கியது. “நல்லா பண்ணியிருக்கான்” என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா எங்கள் பின்னால் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தாள். பிறகு அடுப்பை அணைத்தாள். கதவைப் பற்றி நான்தான் சொன்னேன். “சரி பண்ணிட்டுமா வரலை?” என்று ஒரே ஒருமுறை கேட்டாள்.

அண்ணன் உயிரோடு இருக்கிறானா என்றுகூட எங்களுக்குத் தெரியாது. புத்தகம் போய்விட்டது, வண்டியும் இல்லை, விசாரிக்க இடமும் இல்லை. அப்பா இப்போது பாதித் தையலில் எழுந்து வாசலுக்குப் போய் நின்றுவிடுகிறார்.

இதைப் படிப்பவர்களே, ஒர்க்‌ஷாப்பிலோ, பெயின்ட் பட்டறையிலோ, எங்கே வண்டிகள் நிற்கின்றனவோ அங்கே வேலை செய்கிறவர்களிடம் சொல்லுங்கள். அவர்களை இன்னும் நான்கு பேரிடம் சொல்லச் சொல்லுங்கள். என் அண்ணன் காதில் இது விழ வேண்டும். அப்பா கதவைப் பார்த்துவிட்டார்.