செக்ரோலில் இல்லாத தெய்வானை அக்கா

கந்தப்பளைக்கு வரும் மரக்கறி லொறியின் சாரதி வட்டகொடைப் பக்கத்து ஆள். போன செவ்வாய்க்கிழமை காலையில் அவர் லொறியைப் பாதையோரம் நிறுத்திவிட்டு நான் இப்போது வேலை செய்யும் பிள்ளைக்காம்பராவின் படியேறி வந்தார். வழக்கமாகக் கீழே நின்று ஹோன் அடிப்பதோடு சரி. படியேறி வருகிறாரே என்று கையிலிருந்த பிள்ளையைத் தொட்டிலில் விட்டுவிட்டு வாசலுக்கு வந்தேன். "ஒங்க பழைய தோட்டத்துல ஊமச்சி தவறிப்போச்சாம். ஒங்ககிட்ட சொல்லச் சொன்னாங்க" என்றார். யாரைச் சொல்கிறார் என்று ஒரு கணம் பிடிபடவில்லை. பிடிபட்டதும் அழுகை வரவில்லை, கோபந்தான் வந்தது. அந்தப் பெயரைச் சொல்லாதீர்கள், அவர் பெயர் தெய்வானை என்று அந்த மனிதரிடம் எரிந்து விழுந்தேன். பாவம், சாவுச் செய்தி கொண்டுவந்தவரோடு சண்டைக்கு நின்ற பெண்பிள்ளையை அவர் அன்றுதான் பார்த்திருப்பார்.

தெய்வானை அக்காவைத் தெரிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அவர் வட்டகொடைக்கு மேலே உள்ள எங்கள் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறித்தவர். நான் அங்கே பிள்ளைக்காம்பராவில் இருந்தேன். தாய்மார் மலைக்குப் போகும்போது விட்டுச் செல்லும் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அக்கா என்னைவிட மூன்று வயது மூத்தவர். ஒரே லயத்து வீட்டு வரிசையில் அடுத்தடுத்த காம்பராவில் பன்னிரண்டு வருடம் குடியிருந்தோம். நடுவில் ஒரு தகரந்தான். அவர் இருமினால் எனக்குத் தூக்கம் கலையும், நான் முணுமுணுத்தால் அவர் காலையில் விசாரிப்பார்.

ஊமைச்சி என்ற பெயர் வந்த கதையை அவரே எனக்குச் சொன்னார். தாயும் தகப்பனும் ஒரே காய்ச்சலில் போனபின், சின்ன வயதிலேயே அவரை வேலைக்குப் பதிய அழைத்துப் போயிருக்கிறார்கள். கங்காணி பெயர் கேட்டார். பயத்தில் பிள்ளைக்கு வாய் வரவில்லை. இரண்டாம் தடவை கேட்டும் வரவில்லை. 'ஊமச்சின்னு போடுங்க' என்று கங்காணி சிரித்துக்கொண்டே சொல்ல, தோட்டத்து ஆட்களின் பெயரெல்லாம் எழுதியிருக்கும் அந்தச் செக்ரோலில் அதுவே ஏறிவிட்டது. அதற்குப் பிறகு காலையில் பெரட்டுக் களத்தில் ஆட்களைக் கூப்பிடும்போது ஊமைச்சி, கொழுந்து நிறுக்கும்போது ஊமைச்சி. கலியாணம் ஆனபின் புருஷனும் அப்படித்தான் கூப்பிட்டார். நல்ல மனிதர், வேறு பெயர் இருப்பது அவருக்குத் தெரியாது. மகள் புஷ்பம் பிறந்தபோது பிறப்புப் பத்திரத்தில் தாயின் பெயர் என்று தோட்டம் எழுதிக் கொடுத்ததும் அதையேதான்.

புஷ்பம் தவழுகிற வயதில் புருஷன் மலைச்சரிவில் விழுந்து செத்துப்போனார். அதற்குப் பிந்திய ஒரு காலையில்தான் அக்காவின் அந்தப் பழக்கம் தொடங்கியது. எழுந்திருக்க மனமில்லாமல் சாக்கில் சுருண்டு கிடந்தாராம். யாராவது 'தெய்வானை, எந்திரி' என்று ஒரு தடவை சொன்னால் எழுந்துவிடலாம் என்று தோன்றியதாம். "அந்தப் பேரச் சொல்லிக் கூப்புட ஆளு இல்ல ரஞ்சிதம். சரின்னு நானே கூப்புட்டுக்கிட்டேன்" என்றார். இதைச் சொல்லும்போது அவர் அழவில்லை. நான்தான் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தேன்.

நாங்கள் முகம் கழுவுகிற பீலிக்கரையில் விடியற்காலையில் கூட்டமாக இருக்கும். அத்தனை பேருக்கும் நடுவில் அக்கா முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டு வாய்விட்டுச் சொல்வார்: "தெய்வானை, நீ நல்ல பொம்பள. இன்னைக்கு யாருக்கும் கூனிக்கிட்டு நிக்காத." சொல்லிவிட்டுத் தலையை வழித்துச் சீவி, முந்தின இரவே துவைத்துக் காயப்போட்ட துணியைக் கட்டிக்கொண்டு மலைக்குப் போவார். மற்றவர்கள் கொடுப்புக்குள் சிரித்தார்கள். புருஷன் போனதில் மூளை கலங்கிவிட்டது என்று என் மாமியார் சொன்னார். நானும் அப்படித்தான் நினைத்தேன், மறைப்பானேன்.

எனக்கு அப்போது இரண்டு பிள்ளைகள் பிறந்ததுமே இறந்திருந்தன. ஊராரின் பிள்ளைகளுக்குப் பகலெல்லாம் பால் கரைத்துக் கொடுத்துவிட்டுச் சாயந்தரம் அடுப்படியில் உட்கார்ந்து, என்னை நானே விளங்காதவள், மலடி என்று திட்டிக்கொள்வேன். தகரத்துக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்கிறது. ஒருநாள் அக்கா கரண்டியும் கையுமாக வந்து வாசலில் நின்றார். "நம்மள திட்டுறதுக்குத்தான் கங்காணி இருக்காரே. அந்த வேலைய நாமளும் எதுக்குப் புள்ள செய்யணும்?" என்றார். படுக்கப் போகும்முன் அன்று செய்த ஒரு நல்ல காரியத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்று எனக்கு உத்தரவு போட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு கிழமை வரைக்கும் சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ, இன்றைக்கு ஒரு பிள்ளையும் அழுது தூங்கவில்லை என்று தகரத்தைப் பார்த்துச் சொன்னேன். 'கேட்டுச்சு' என்று பதில் வந்தது.

பெரட்டில் ஊமைச்சி என்று கூப்பிட்டால் அக்கா முன்னே போய் நிற்பார், வேலை வேண்டுமே. ஆனால் நிற்கும்போது மெதுவாக, சண்டையில்லாத குரலில், 'தெய்வானைங்க' என்பார். தினமும் கூப்பிட்டார்கள், தினமும் சொன்னார். ஒருநாள் புதிதாக வந்த கணக்கப்பிள்ளை ஐயாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்து, பெயரில்லாதவளுக்கு வேலையும் இல்லை என்று அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார். அக்கா காம்பராவுக்குப் போய் அழவில்லை. பிள்ளைக்காம்பராவுக்கு வந்து என்னோடு அணையாடை துவைத்தார். துவைத்தபடியே, 'தெய்வானை, நீ கெட்ட வார்த்த ஒண்ணும் பேசல, நல்லா நடந்துக்கிட்ட' என்று சொல்லிக்கொண்டார். அடுத்த மாதத்துக்குள் நாலைந்து பெண்கள் அவரைத் தெய்வானை என்று கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள். கணக்கப்பிள்ளை ஐயா கடைசிவரை கூப்பிடவில்லை.

இனி நான் செய்த காரியத்தைச் சொல்ல வேண்டும். இந்த நாடு சுதந்திரம் பெற்ற கையோடு நாமெல்லாம் நாடில்லாதவர்கள் ஆனது உங்களுக்குத் தெரியும். பிரஜாவுரிமை வேண்டுமென்றால் விண்ணப்பம் எழுது, இத்தனை வருடம் இங்கேயே இருந்தாய் என்று ஆதாரம் காட்டு என்றார்கள். நான் ஐந்தாம் வகுப்புத்தான், ஆனாலும் என் கையெழுத்து மணிமணியாக இருக்கும் என்று தோட்டமே சொல்லும். அந்தப் பெருமையில் லயத்து ஆட்கள் பாதிப்பேருக்கு நான்தான் எழுதிக் கொடுத்தேன். செக்ரோலில் இருக்கிற பெயரைத்தான் எழுத வேண்டும் என்று கிளாக்கர் ஐயா படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அக்கா வந்து பலகையில் உட்கார்ந்தார். பெயர் என்ற இடத்துக்கு வந்ததும் என் கை நின்றது. அவர் என் முகத்தைப் பார்த்தார். "கவர்மெண்டுக் கடுதாசி ரஞ்சிதம். அதுலயாவது என் பேர எழுது" என்றார். தெய்வானை என்று எழுதினேன். நல்ல பெரிய எழுத்தில், அழகாக எழுதினேன். அன்று படுக்கும்முன் சொன்ன நல்ல காரியமும் அதுதான்.

விசாரணைக்கு நுவரெலியாவுக்குக் கூப்பிட இரண்டு வருடத்துக்கு மேல் ஆயிற்று. நானும் கூடப் போனேன். அதிகாரி கெட்டவரில்லை. தோட்டத்துக் கிளாக்கர் ஐயா கொண்டுவந்திருந்த செக்ரோலை வாங்கிப் புரட்டினார். தெய்வானை என்று இந்தத் தோட்டத்தில் ஓர் ஆளே வேலை செய்ததில்லையே என்றார். இவள் ஊமைச்சி என்று கிளாக்கர் ஐயா உதவிக்குத்தான் எழுந்து சொன்னார். அதிகாரி மொழிபெயர்ப்பாளர் மூலம் அக்காவிடம் கேட்டார், ஊமைச்சி என்பது நீதானா என்று. நான் பின்னால் இருந்த வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தேன். ஆமாம் என்று சொல்லுங்கள், ஆமாம் என்று சொல்லித் தொலையுங்கள் என்று என் உயிரே வாய்க்கு வந்துவிட்டது. அக்கா திரும்பி என்னைப் பார்த்தார். கண்ணால் சாடை காட்டினேன். அவர் முன்பக்கம் திரும்பிக்கொண்டு, "அப்புடிக் கூப்புடுவாங்க. அது என் பேரு இல்லீங்க" என்றார்.

அவ்வளவுதான். எழுந்து நின்று அந்த அறையில் கத்தியிருக்கலாம். இந்தப் பெண்ணும் அந்தப் பெயரும் ஒன்றுதான் என்று சத்தியம் செய்திருக்கலாம். சாட்சி அல்லாதவர்கள் பேசக்கூடாது என்று வாசலிலேயே சொல்லியிருந்தார்கள், நானும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வாயாடி என்று பெயரெடுத்தவள் நான்.

சில மாதத்தில் இங்கிலீஷில் ஒரு கடுதாசி வந்தது. நிராகரிக்கப்பட்டது என்பதற்கு மேல் கிளாக்கர் ஐயா ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, அட்டனில் ஒரு வக்கீலிடம் காட்டியபோதுதான் எனக்குத் தெரிந்தது. 'ஊமைச்சி என்கிற தெய்வானை' என்று எழுதியிருந்தால் போதுமாம். என்கிற என்று ஒரு வார்த்தை. ஆயிரம் வார்த்தை எழுதிய கைக்கு அது தோன்றவில்லை. மேல்முறையீட்டுக்கான நாளும் கடந்துவிட்டது என்றார் வக்கீல். ரயிலில் திரும்பி வரும்போது அக்காவிடம் நான்தான் உங்களைக் கெடுத்தேன் என்று சொல்லி அழுதேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ எழுதுன பேரு சரிதான் புள்ள. படிச்சவங்களுக்குத்தான் அது சரியில்ல" என்றார். ஒரு வசவு வைதிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். என்னிடம் தப்பே இல்லை என்று நினைப்பவரிடம் எப்படி மன்னிப்புக் கேட்பது?

மறுநாள் பீலிக்கரையில் அவர் குரல் கேட்டது. 'தெய்வானை, கடுதாசிதான் வந்திருக்கு, நீ இங்கனதான் இருக்க' என்று சொல்லிக்கொண்டிருந்தார். அன்று யாரும் சிரிக்கவில்லை.

தனக்குத்தானே நல்ல வார்த்தை சொல்லிக்கொண்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று யாராவது என்னிடம் வந்து சொன்னால், நான் சும்மா விடமாட்டேன். அக்கா தினமும் சொன்னார், ஒன்றும் சரியாகவில்லை. ஆனால் அவர் சொல்லாமலிருந்தால் நான் உயிரோடு இருந்திருப்பேனா என்றும் எனக்குத் தெரியவில்லை. இந்த இரண்டையும் எப்படிச் சேர்த்து வைத்துக்கொள்வது என்று இத்தனை நாளாக எனக்குப் பிடிபடவில்லை.

நாலு வருடத்துக்கு முன் நான் கந்தப்பளைக்கு வந்துவிட்டேன். தைப்பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போய்ப் பார்ப்பேன். இந்த நாட்டுப் பெரியவர்களும் கடலுக்கு அந்தப் பக்கத்து நாட்டுப் பெரியவர்களும் பேசி, நம்மில் இத்தனை பேர் அங்கே, இத்தனை பேர் இங்கே என்று பங்கு பிரித்த செய்தி வந்தபின் போனபோது, விடியற்காலையில் காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருந்தேன். பீலிக்கரையில் தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டது. ஏன் அக்கா ஒன்றும் சொல்லவில்லை என்று கேட்டேன். இப்போதெல்லாம் மனசுக்குள்ளேயே சொல்லிக்கொள்வதாகச் சொன்னார். எனக்கு அது நம்பும்படியாக இல்லை. நம்பியதுபோல் தலையாட்டினேன்.

செவ்வாய்க்கிழமை நான் போய்ச் சேர்ந்தபோது மத்தியானம் ஆகிவிட்டது. மூன்று நாள் நெஞ்சுச்சளியாம், மழையோடு மலைக்குப் போனதாம். குளிப்பாட்டிக் கிடத்தியிருந்தார்கள். தோட்டத்து ஆட்களுக்கு மருந்து கொடுக்கும் மருந்தையா இறப்புப் பதிவுத் தாளோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார். அழுதுகொண்டிருந்த புஷ்பத்திடம் கேட்க அவருக்கு மனம் வரவில்லை போலும், என்னிடம் பெயர் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் புஷ்பம் எழுந்து வந்து என் கையைப் பிடித்தாள். ஏழு மாதக் கர்ப்பிணி. "சித்தி, ஊமச்சின்னே சொல்லிருங்க. என் பெறப்புப் பத்திரத்துல அம்மா பேரு அதான். நாளைக்கு எனக்கும் இந்தப் புள்ளைக்கும் வேற ஆதாரம் இல்ல" என்றாள்.

இரண்டு பெயரையும் நடுவில் 'என்கிற' போட்டு எழுத முடியுமா என்று மருந்தையாவைக் கேட்டேன். செக்ரோலில் இருப்பதற்கு மேல் தன்னால் ஓர் எழுத்துப் போட முடியாது என்றார், அதுவும் மரியாதையாகத்தான் சொன்னார். புஷ்பத்தின் முகத்தில் பயம் ஏறியது. இன்னொரு தடவை நான் அழகாக எழுதிவிடுவேனோ என்ற பயம். அவள் பயப்பட்டது நியாயந்தான்.

நான் சொன்னேன். பன்னிரண்டு வருடம் அடுத்த காம்பராவில் இருந்தும் ஒருநாளும் என் வாயால் சொல்லாத அந்தப் பெயரை, அவரைக் கிடத்தியிருந்த இடத்திலிருந்து நாலு அடி தள்ளி நின்று சொன்னேன். மருந்தையாவுக்குச் சரியாகக் கேட்கவில்லை. இரண்டாம் தடவையும் சொல்ல வேண்டியிருந்தது.

அவர் நினைவாக என்னிடம் இருப்பது ஒரு தாள். பிரஜாவுரிமை விண்ணப்பத்தை முதலில் எழுதியபோது ஓரத்தில் மை கொட்டிவிட்டது. அதைக் கவனிக்காமல் அக்கா கைநாட்டு வைத்துவிட்டார். வேறொன்று எழுதி அனுப்பினோம், இதை நான் மடித்துப் பெட்டியில் வைத்திருந்தேன். தெய்வானை என்ற பெயருக்குக் கீழே அவருடைய விரல் ரேகை பதிந்திருக்கிறது. எந்த அரசாங்கக் கந்தோரிலும் அது செல்லாது. அந்தப் பெயரில் அவர் இருந்தார் என்று காட்ட உலகத்தில் வேறு காகிதம் இல்லை.